கட்டுரை "பொதுவா இருக்கு"ன்னு திரும்பி வருது, எங்க சரி பண்றது?

காரிமங்கலம்_வாசகி

வணக்கம். பி.ஏ. பொருளியல் ரெண்டாம் வருஷம், தமிழ்வழி. அக மதிப்பீட்டுக்கு 1500 சொல்லில் கட்டுரை கேட்டிருக்காங்க. தலைப்பு: "தருமபுரி மாவட்டத்தின் குடிநீர்ப் பிரச்சினை". முதல் வரைவு காட்டினப்போ, "தருமபுரின்னு இருக்கிற இடத்துல ராமநாதபுரம்னு போட்டாலும் இது ஓடும்"னு சொல்லிட்டாங்க. அது உண்மைதான், ஆனா எப்படி மாத்துறதுன்னு தெரியலை. தொடக்கம் இதுதான்:

"இன்றைய நவீன உலகில் தண்ணீர் என்பது மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும். 'நீரின்று அமையாது உலகு' என்றார் வள்ளுவர். தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிக அளவில் காணப்படுகிறது. இதனால் மக்கள் பல்வேறு பாதிப்புகளுக்கு உள்ளாக்கப்படுகின்றனர். இப்பிரச்சினையைக் குறித்து இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

நடை மாத்தணுமா, இல்ல விஷயமே பத்தலையா?

பென்னாகரம்_ரோடு

விஷயம்தான்மா. நடையை அப்புறம் பார்த்துக்கலாம்.

"குடிநீர்ப் பிரச்சினை"ங்கிறது தலைப்பு மட்டும்தான். அதுக்குள்ள ஒரு கேள்வி இல்ல. கேள்வி இல்லாம உட்கார்ந்தா கை தானா "முக்கியத்துவம், காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்"னு நாலு பெட்டி போட்டுடும். எந்த மாவட்டத்துக்கும் அதே நாலு பெட்டிதான், அதான் ராமநாதபுரத்துக்கும் ஓடுது.

எழுதுறதுக்கு முன்னாடி ஒரு முழு மாலை கேள்விக்கு ஒதுக்கு. தலைப்பைப் பத்தி 15 கேள்வி எழுது, மட்டமான கேள்வியும் சேர்த்து. அப்புறம் மூணு சல்லடை. ஒண்ணு, பதில் ரெண்டு விதமா வர வாய்ப்பு இருக்கா? "புளோரைடு கெட்டதா?"ங்கிறதுக்கு ஒரே பதில்தான், தள்ளிடு. ரெண்டு, பதிலைத் தேட உன் கைக்கு எட்டுற ஆதாரம் இருக்கா? மாவட்டம் முழுக்க நீர் மாதிரி எடுத்துச் சோதிக்க உன்னால முடியாது, அதையும் தள்ளு. மூணு, 1500 சொல்லுக்குள்ள அடங்குமா?

மூணையும் தாண்டி நிக்கிற மாதிரி ஒண்ணு சொல்றேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் தாக்குற நோய்) தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியில கட்டினது, 2013ல பயன்பாட்டுக்கு வந்தது, காவிரித் தண்ணியை தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டுபோகுது. இது எல்லாருக்கும் தெரியும். கேள்வி இது: காவிரிக் குழாய் இருக்கிற ஒரு தெருவில், சோறு வடிக்க எந்தத் தண்ணி போகுது? குடிக்க ஒண்ணு, சமைக்க ஒண்ணு, மாட்டுக்கு ஒண்ணுன்னு வீட்டுக்கு வீடு பிரிச்சு வெச்சிருப்பாங்க. சமைக்கிற தண்ணியிலயும் புளோரைடு உடம்புக்குள்ள போகும், கொதிக்க வெச்சா அது போகாது. தண்ணி ஆவியாகிப் புளோரைடு மிஞ்சுறதால செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். இந்த ஒரு உண்மை போதும், கேள்விக்கு எடை வந்துடும்.

இனி பதிலை ஒரே வாக்கியமா ஊகிச்சு எழுது. உதாரணத்துக்கு: "குழாய் இருக்கிறதா என்பதைவிட அதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதே சமையலுக்கு எந்த நீர் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது." இது சரியா தப்பான்னு உனக்கு இன்னும் தெரியாது, அதனால பரவாயில்ல. "இல்லீங்க, காவிரித் தண்ணி ருசி பிடிக்காமத்தான் போர்வெல் தண்ணி எடுக்கிறோம்"னு ஒருத்தர் மறுத்துப் பேச இடம் இருக்கில்ல? அப்போ அது வாதம். யாரும் மறுக்கவே முடியாததை 1500 சொல் எழுதினா படிக்கிறவங்களுக்குக் கொட்டாவிதான்.

ஒரு தெரு, 10 வீடு, நாலே கேள்வி. தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருது, எத்தனை குடம் பிடிச்சு வைக்க இடம் இருக்கு, குடிக்க எது, சமைக்க எது. அம்மா, பாட்டி யார் சமைக்கிறாங்களோ அவங்ககிட்ட கேளு. வீட்டுத் தலைவரைக் கேட்டா "எல்லாத்துக்கும் காவிரிதான்"னு ஒரே வரியில முடிச்சுடுவார்.

அளவு இப்படிப் பிரி: தொடக்கம் 150 சொல், பின்னணி 250, வாதத்தின் மூணு பகுதி ஒவ்வொண்ணும் 300, மறுப்புக்குப் பதில் 150, முடிவு 50. பெரும்பாலோர் பின்னணியிலயே 700 செலவழிச்சுட்டு, சொந்தமா கண்டுபிடிச்சதைக் கடைசிப் பக்கத்துல திணிக்கிறாங்க. மதிப்பெண் அங்கதான் போகுது.

தகடூர்_ஆவணம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எண்களைக் கையாள்வது பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டக் கட்டுரைகளில் ஒரு குழி எல்லோரையும் விழுங்குகிறது.

சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். 2001 கணக்கெடுப்பின்போது "தருமபுரி" என்றால் இரண்டும் சேர்ந்த பெரிய மாவட்டம், மக்கள்தொகை 28 லட்சத்துக்கும் மேல். 2011இல் தருமபுரி மட்டும் 15,06,843, கிருஷ்ணகிரி 18,79,809. இரண்டு கையேட்டையும் திறந்து எண்ணை அப்படியே எடுத்து வைத்தால் பத்தாண்டில் பாதி மக்கள் காணாமல் போனதாக ஆகிவிடும். கிணறுகளின் எண்ணிக்கை, பாசனப் பரப்பு, பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். 2004க்கு முந்தைய எண்ணை எடுத்தால் "அன்றைய ஒருங்கிணைந்த தருமபுரி" என்று எழுதுங்கள், அல்லது வட்டம் வாரியான எண்ணைத் தேடிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண் வரும் இடத்தில் எல்லாம் ஆண்டு, இடம், அலகு மூன்றும் உடன் வர வேண்டும். "தருமபுரியின் எழுத்தறிவு 68.54%" என்று நிறுத்தாதீர்கள். அது 2011 கணக்கெடுப்பு எண், 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கிட்டது. நிகழ்காலத்தில் எழுதினால் பழைய எண்ணை இன்றையதாகக் காட்டுவதாகிவிடும்.

புளோரைடுக்கும் அப்படித்தான். "அதிக அளவு" என்றால் எதைவிட அதிகம்? இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. இந்த இரண்டு எண்ணையும் கொடுத்துவிட்டு உங்கள் ஊர் எண்ணை வைத்தால் வாசகரே ஒப்பிட்டுக்கொள்வார், "மிகவும் ஆபத்தான" என்ற அடைமொழிக்கு வேலை இருக்காது.

10 வீடு கேட்டால் "70%" என்று எழுதாதீர்கள். "கேட்ட 10 வீட்டில் 7 வீடு" என்று எழுதுங்கள். சிறிய எண்ணிக்கையை விழுக்காடாக மாற்றினால் ஊர் முழுக்க அளந்ததுபோல் தோற்றம் வரும், கேள்வி கேட்பவர் முதலில் அதைத்தான் பிடிப்பார். பேசியவர்களின் பெயர் வேண்டாம். "சமையல் பொறுப்பில் உள்ள, 60 வயதைக் கடந்த பெண்" என்றால் போதும்.

எங்கே தேடுவது: மாவட்டப் புள்ளியியல் கையேடு, 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு (ஊர் வாரியாகக் குடிநீர் ஆதாரம் இருக்கும்), மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கை. பழைய நிலைமை வேண்டுமானால் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர், 1918. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருக்கின்றன, பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். அரசுக் கோப்புகளில் பழைய எழுத்துருவில் உள்ள தமிழை நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல் வரும். அந்த வரியை ஒருங்குறியில் (யூனிகோடு) நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அதனால் ஒரு முறை ஒழுங்காகப் படித்ததாகவும் ஆகும்.

காரிமங்கலம்_வாசகி

ரெண்டு பேருக்கும் நன்றிங்க ஐயா, அண்ணா. கேள்வி புடிச்சிருக்கு, அதையே எடுத்துக்கறேன். ஆனா எங்க துறையில முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு உட்தலைப்பு கட்டாயம் இருக்கணும். குறளும் ஒண்ணாவது வரணும்னு எதிர்பார்ப்பாங்க. என்ன பண்றது?

சிவப்பு_மை

உட்தலைப்பு கேட்டால் கொடுத்துடும்மா, அதுக்காகச் சண்டை வேண்டாம். சட்டகம் கேட்டவங்க பெட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு சொல்லலையே. "பிரச்சினையின் விளைவுகள்"னு வைக்கிறதுக்குப் பதிலா "மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்"னு வை (மூணுங்கிறது உதாரணம், உன் தெருவில் வர்ற எண்ணைப் போடு). உட்தலைப்பு மட்டும் வரிசையாப் படிச்சாலே வாதம் புரியணும். முன்னுரை, முடிவுரைங்கிற சொல் இருக்கட்டும், நடுவில் வர்ற தலைப்புகள் உன் கையில் இருக்கு.

குறள் விஷயத்தில் கொஞ்சம் கவனம். நீ எடுத்தது வான்சிறப்பு அதிகாரத்தில் 20ஆவது குறள். "நீரின்று அமையாது உலகெனின்" என்று ஆரம்பிச்சு "வானின்று அமையாது ஒழுக்கு"ன்னு முடியுது. அதாவது அது மழையைப் பத்தின குறள். பாதியை வெட்டிப் புளோரைடுக்கு ஒட்டினா ஒட்டாது. ஆனா உன் கட்டுரையில் மழைக்கு ஒரு இடம் இருக்கு: மழை பொய்க்கும்போது போர் இன்னும் ஆழமாப் போகுது, தண்ணி பாறையோட அதிக காலம் உறவாடி வர்றதால புளோரைடு கூட வாய்ப்பு இருக்கு. அந்தப் பத்தியில் குறளை முழுசா வை. அங்க அதுக்கு வேலை இருக்கு, முதல் வரியில் அது வெறும் தோரணம்.

இனி வாக்கியம். நீ எழுதின ரெண்டு வரியை எடுத்துக்கறேன்:

"நிலத்தடி நீரில் புளோரைடு அதிக அளவில் காணப்படுகிறது. இதனால் மக்கள் பல்வேறு பாதிப்புகளுக்கு உள்ளாக்கப்படுகின்றனர்."

யார் கண்டாங்க? எவ்வளவு? எந்த மக்கள்? என்ன பாதிப்பு? நாலுக்கும் பதில் இல்ல. "காணப்படுகிறது", "உள்ளாக்கப்படுகின்றனர்" ரெண்டும் ஆளை மறைக்கிற வினை. ஆள் மறைஞ்சா தகவலும் கூடவே மறையும். மாத்தினா:

"புளோரைடு நம் பாறையிலேயே இருக்கிறது; ஆழ்துளைக் கிணற்றின் நீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. பல் உருவாகும் வயதில் இந்த நீரைக் குடிக்கும் குழந்தைக்குப் பால்பல் விழுந்து முளைக்கும் பல்லிலேயே பழுப்புக் கறை ஏறுகிறது. எலும்பில் படிவது பல ஆண்டு கழித்து மூட்டு வலியாகவும் விறைப்பாகவும் தெரியவரும்."

சொல் கூடிடுச்சுன்னு நினைக்காதே. முன்னாடி இருந்த ரெண்டு வரி எந்த வேலையும் செய்யலை, இது மூணும் செய்யுது. "விரிவாகக் காண்போம்"னு அறிவிக்கிற வரியை எடுத்துட்டா இடம் கிடைச்சுடும்.

"இதனால்" வர்ற இடத்தையெல்லாம் வட்டம் போடு. முன் வரி நிஜமாவே அதுக்குக் காரணமான்னு பார். பாதி இடத்தில் அது வெறும் ஒட்டுப்பசையா இருக்கும், அடிச்சுடு. "இன்றியமையாத", "மாபெரும்", "பல்வேறு", "இன்றைய நவீன" நாலையும் தேடி எடு. "ஆகும்"ல முடியுற வரி ஒரு பத்தியில் ஒண்ணுக்கு மேல வேண்டாம், அடுக்கினா பாடநூல் ஓசை வந்துடும்.

1700 சொல் எழுதி 1500க்கு வெட்டு. நேரா 1500க்கு எழுதினா வெட்ட மனசு வராது. வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் தனித்தாளில் எழுதிப் பார். ரெண்டு பத்தியின் முதல் வரி ஒரே விஷயத்தைச் சொன்னா ஒண்ணு போகணும். முதல் வரியும் கடைசி வரியும் வேற வேற விஷயம் பேசினா அது ரெண்டு பத்தி.

ஒற்றுப்பிழை பார்க்குறது கடைசி வேலை. ஐ, கு உருபுக்குப் பின்னாடி க, ச, த, ப வந்தா மிகும்: நீரைக் குடிக்கும், ஊருக்குப் போகும். இது ஒண்ணைச் சரிபார்த்தாலே பெரும்பாலான சிவப்பு வட்டம் குறையும்.

ராயக்கோட்டை_மாந்தோப்பு

நடுவுல புகுந்து கேட்கறேன், மன்னிக்கணும். எனக்குத் தலைப்பு "கிருஷ்ணகிரி மா விவசாயிகளின் பிரச்சினைகள்". விலை வீழ்ச்சி, பூச்சி, தண்ணீர், சந்தை, கடன்னு 5 பிரச்சினை எடுத்து ஒவ்வொண்ணுக்கும் 300 சொல் எழுதலாம்னு இருக்கேன். 1500 கணக்கு சரியா வருது.

பென்னாகரம்_ரோடு

கணக்கு சரி தம்பி, கட்டுரை சரி இல்ல. அஞ்சும் ஒண்ணையொண்ணு தொடாம நிக்கும். ஒண்ணை மட்டும் எடுத்து அதுக்குள்ள மத்ததை இழு. "விலை விழுந்த வருஷம் கழிச்சும் பெங்களூரா ரக மா மரத்தையே ஏன் வெச்சிருக்காங்க?"ன்னு கேட்டுப் பார்.

பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போற காய். வாங்குறவங்க சிலர், விக்கிறவங்க ஏராளம், பழுத்தா நாள்கணக்குல அழுகும். பேரம் யார் பக்கம்னு சொல்லத் தேவையில்ல. பக்கத்துச் சித்தூர்லயும் இதே ரகம், இதே தொழில், அறுவடையும் ஏறக்குறைய ஒரே நேரம். சந்தை உள்ள வந்துடுச்சா?

மரத்தை மாத்தலாம்னா, பழைய முறையில 10 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 40 மரம். வெட்டிட்டு ஒட்டுக்கன்னு வெச்சா சொல்லிக்கிற மாதிரி காய்ப்பு வர நாலஞ்சு வருஷம். அதுவரைக்கும் வருமானம்? கடன் உள்ள வந்துடுச்சு. பூச்சியை விட்டுடு, இந்தக் கேள்விக்கு அது வேண்டாம். விடத் தெரியணும்.

மறுப்புப் பகுதிக்கு: "மரத்தை வெட்டவே வேண்டாம், கிளையை வெட்டி வேற ரகத்தை மேல்ஒட்டு கட்டலாமே?"ன்னு ஒருத்தர் கேட்பார். நியாயமான கேள்வி. வசதியான மறுப்பை நீயே உருவாக்கி அடிக்கிறதைவிட இந்த மாதிரி பலமான மறுப்புக்குப் பதில் தேடு. பதில்ல பாதி அவங்க பக்கம் போனாலும் சரி, "10 மரம் வெச்சிருக்கிறவருக்கு ஆகும், 10 ஏக்கர்காரருக்கு ஆள்கூலி கட்டுமா?"ன்னு எல்லை போட்டு எழுதலாம்.

தகடூர்_ஆவணம்

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றும். வாதத்துக்கு உதவாவிட்டால் சேர்க்க வேண்டாம். விலை எண் எழுதும்போது தோட்டத்து விலையா, மண்டி விலையா, ஆலை வாசல் விலையா என்று குறிப்பிடுங்கள், மூன்றும் வேறு. கிலோவா டன்னா என்பதும் குழப்பம் தரும், ஒரே அலகில் வையுங்கள்.

காரிமங்கலம்_வாசகி

அக்கா, ஒரு கேள்வி. கூடப் படிக்கிறவங்க செயற்கை நுண்ணறிவுச் செயலியில எழுதி வாங்கிடறாங்க. கண்டுபிடிப்பாங்களா?

சிவப்பு_மை

கருவி வெச்சுக் கண்டுபிடிக்கிறதைவிட வாய்மொழித் தேர்வில் தெரிஞ்சுடும். "இந்த எண் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்த?"ன்னு ஒரு கேள்வி போதும். உலகத்துலயே இல்லாத அறிக்கைக்கும் அந்தச் செயலிகள் பெயர், வருஷம், பக்க எண் எல்லாம் கச்சிதமா போட்டுக் கொடுக்கறது உண்டு. நூலகத்தில் தேடினா அப்படி ஒண்ணு இருக்காது. ஆதாரத்தில் பொய் இருந்தா கட்டுரை மொத்தமும் போச்சு. இன்னொரு அடையாளம், எல்லாப் பத்தியும் ஒரே நீளம், ஊர்ப் பெயர் ஒண்ணுகூட இருக்காது. உன் துறை அனுமதிச்சா, எழுதி முடிச்ச வரைவைக் கொடுத்து "இதற்கு வலுவான மறுப்பு என்ன?"ன்னு கேட்டுக்கலாம். பத்து வீட்டுப் பதிலை அது உனக்குச் சேகரிச்சுத் தராது.

ராயக்கோட்டை_மாந்தோப்பு

கடைசியா ஒண்ணுங்க. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கும் பேர் கொடுக்கலாம்னு இருக்கேன். அங்க உட்கார்ந்த இடத்துல எழுதணும், தேட நேரம் கிடையாது. இதெல்லாம் அங்க ஆகுமா?

தகடூர்_ஆவணம்

ஆகும், அளவைச் சுருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கொடுத்தால் முதல் 10 நிமிடம் பேனா விடைத்தாளைத் தொடக் கூடாது. தலைப்பைக் கேள்வியாக மாற்றி, பதிலை ஒரு வாக்கியமாகவும் அதைத் தாங்கும் மூன்று செய்திகளையும் ஓரத்தில் குறியுங்கள். எழுத 40 நிமிடம். கையெழுத்தில் நிமிடத்துக்கு 12 சொல் என்று வைத்தால் 480 சொல்தான் வரும், ஆகவே நான்கு பத்திக்கு மேல் திட்டமிடாதீர்கள். மீதி 10 நிமிடம் திருத்த.

ஆண்டும் எண்ணும் உறுதியாக நினைவில் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் செயல்முறையை எழுதுங்கள். கூழ் ஆலைக்குக் காய் எப்படிப் போகிறது, யார் எடை போடுகிறார், கழிவு எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தலைப்பு மாவைப் பற்றி வராமலும் போகலாம். கூலி, சந்தை, இடைத்தரகு என்று எது வந்தாலும் அந்த எடைமேடை பொருந்தும். முடிவுரைக்கு நேரம் இல்லாமல் மணி அடித்தால் "வளம் பெறுவோம்" என்று அவசரமாக ஒரு வரி சேர்க்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்துவிடுங்கள்.